வீட்டுக்குத் தூரம்

நவம்பர் 2, சனி

பென்ஷனர் சங்கத்தில் ஜனவரியில் கொடுத்த டைரி பத்து மாதமாகப் பீரோவுக்குள் கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். காரணம், வீட்டில் பேச ஆள் இல்லை. மதினி கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிட்டாள். சூரசம்ஹாரம் முடிகிறவரை சண்டை போடமாட்டாள். சண்டை போடாத மதினியோடு எனக்கு என்ன பேச்சு இருக்கிறது?

யாராவது இதைப் பிற்பாடு புரட்டிப் பார்த்தால் விவரம் தெரியட்டும். மதினி என்றால் என் அண்ணன் மனைவி, செண்பகவடிவு. வயது அறுபத்தெட்டு. அண்ணன் போன பிறகு பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் அவளும் நானும்தான். நான் உலகம்மாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மதினிக்கு ஒரே மகன், சைலப்பன். ஓசூரில் வேலை. நாத்தனாரும் மதினியும் ஒரே அடுப்படியில் இத்தனை வருஷம் இருக்கிறார்கள், இன்னும் கொலை விழவில்லை என்று தெருவில் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

விரதம் என்றால் காலையில் ஒரு தம்ளர் பால், சாயங்காலம் இரண்டு பழம். தண்ணீர் நினைவு வந்தால் உண்டு. மற்ற நாளிலேயே அவள் தண்ணீர் குடிக்கிற ஜாதி இல்லை. குடித்தால் அடிக்கடி எழுந்து போகவேண்டுமாம், முழங்கால் வலிக்குமாம். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் மட்டும் தவறாமல் உள்ளே போகின்றன.

“தண்ணியாவது ஒழுங்கா குடிங்க மதினி” என்றேன்.

“விரதம்னா விரதம் மாதிரி இருக்கணும்லா. ஒன்ன மாதிரி நாலு தோசைய முழுங்கிட்டு முருகாங்கவா?”

நான் மூன்றுதான் சாப்பிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. துணி ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கக் கொடி கட்டி, குனிந்து குனிந்து நடக்கிறோம்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் மதினி அடுப்படியில் நின்றபடியே இடது பக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முகம் வேர்த்திருந்தது. என்னவென்று கேட்டால் “வாயுதாண்டி” என்கிறாள். ஓமத்தை வறுத்து வெந்நீரில் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் விரதக் கணக்குப் பார்த்து அரைத் தம்ளர்தான் குடித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

மத்தியானம் பின்பக்கம் தொபுதொபுவென்று துணி துவைக்கிற சத்தம். வாஷிங் மெஷின் வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. இவள் மழையில் நின்று கையால் சேலை அலசுகிறாள். “மெஷினுக்கும் விரதமா?” என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல், “ஒரே ஒரு சேலைதான், அதுக்கு ஏன் கரண்டு” என்றாள். என்றைக்கு இவளுக்குக் கரண்டு மேல் கரிசனம் வந்ததோ.

நவம்பர் 5, செவ்வாய்

விளக்கை இன்றைக்கு நான் ஏற்றினேன். அதிசயம்தான். சாயங்காலம் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, “உலகு, நீ விளக்கேத்தேன்” என்றாள். குளித்து முழுகி விரதம் இருக்கிறவள் அவள். காலையில் தோசை, மத்தியானம் சாம்பார் சாதம் என்று அடுக்கினவள் நான். “ஏன், உங்க முருகன் கோவிச்சுக்கிட்டானா?” என்றேன். “கால் வலிக்கு” என்றாள். பூஜை அறைக்கு வெளியே, வாசல்படிக்கு இந்தப் பக்கமாகவே நின்று கும்பிட்டாள்.

ராத்திரிப் படுக்கைக்குப் பின்கட்டு அறையில் பாய் விரித்துக்கொண்டாள். கேட்டால் அங்கே காற்று வருகிறதாம். இந்தக் குளிரில்.

நேற்று விரதத்தைக் கிண்டல் பண்ணினேன் அல்லவா, அந்தக் கோபம். இருக்கட்டும். எனக்கும் கோபப்படத் தெரியும்.

நவம்பர் 6, புதன்

கோபம் இல்லை.

காலையில் அவளுக்குப் பால் ஆற்றிக் கொண்டுபோனேன். வழக்கமான வெள்ளித் தம்ளரை வேண்டாம் என்று ஒரு பழைய எவர்சில்வர் தம்ளரை நீட்டினாள். “இதுல ஊத்து. என்னத் தொட்டுராத.” பாய் தனி, தம்ளர் தனி, விளக்குக்கு வெளியே நிற்பது, சேலையைத் தனியாக அலசுவது. எனக்கு உறைக்க இத்தனை நேரம் ஆகியிருக்கிறது. எங்கள் அம்மா காலத்தில் பார்த்தது எல்லாம் கண்முன் வந்தது.

“மதினி, என்னது இது?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் வீட்டுக்குத் தூரம்டி.”

அறுபத்தெட்டு வயதில். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. திங்கள்கிழமையிலிருந்து சேலையில் ரத்தம் படுகிறதாம். “நின்னு பதினேழு வருசம் ஆச்சு. இப்ப போயி, அதுவும் சஷ்டியில, இந்தத் தீட்டு வந்துட்டே. விரதம் போச்சு உலகு” என்று அழுதாள். ரத்தத்துக்காக அழவில்லை. விரதத்துக்காக அழுதாள். சைலப்பன் வயிற்றில் வருவதற்கு முன் தொடங்கின விரதம், ஒரு வருஷம் விட்டதில்லை.

எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த ராஜகுமாரிக்கும் இப்படித்தான் நின்றுபோனது திரும்ப வந்தது. கர்ப்பப்பையில் புற்று என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை. இதை மதினியிடம் சொல்லவில்லை. “நாளைக்கு டாக்டர்ட்ட போறோம்” என்று மட்டும் சொன்னேன். “நாளைக்குச் சூரசம்ஹாரம்லா” என்றாள். “சூரனை முருகன் பாத்துக்கிடுவான், நீங்க ஆட்டோல ஏறுங்க” என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

லேடி டாக்டர் நல்ல பெண். சோதித்துப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள். “கர்ப்பப்பை சுத்தமா இருக்கும்மா. ரத்தம் அங்க இருந்து வரல” என்றாள். எனக்கு அந்த நாற்காலியிலேயே படுத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் டாக்டர் முகம் தெளியவில்லை.

“அம்மா, வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருதா?”

மதினி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“பாத்தீங்களா?”

“அத எதுக்கு டாக்டரம்மா பாக்கணும். அசிங்கம்.”

ஆக, அறுபத்தெட்டு வருஷத்தில் இவள் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. ரத்தம் என்றால் அது ஒரே ஒரு வழியாகத்தான் வரும் என்று முடிவு கட்டி, பாயைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் இடது பக்கம் அடிவயிற்றில் லேசாக அழுத்தினாள். மதினி சத்தம் போடவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்தாள். இப்போதும் நகம் பட்ட இடம் சிவந்திருக்கிறது. பிரஷர் பார்த்தார்கள், தரையில் கிடந்தது. நேரே வண்ணார்பேட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அங்கே சி.டி. ஸ்கேன். ஊசியில் மருந்து ஏற்றி எடுத்தார்கள். படுக்க வைத்தாயிற்று. சைலப்பனுக்குப் போன் பண்ணினேன். பதறினான். நாளை மறுநாள் கிளம்பி வருகிறான்.

நவம்பர் 8, வெள்ளி

வியாதிக்குப் பெயர் சொன்னார்கள், வாயில் நுழையவில்லை. இளவட்ட டாக்டர் ஒருவர் வந்து கட்டில் ஓரமாக நின்று நிதானமாகச் சொன்னார். திருநெல்வேலி டவுன்காரராம், பேச்சிலேயே தெரிந்தது.

“பெருங்குடலுக்குப் போற ரத்தம் கொறஞ்சு போச்சும்மா. ஆத்துல தண்ணி கொறஞ்சா மொதல்ல எந்த வயல் காயும்?”

“கடைமடை” என்றேன்.

“அதேதான். குடல்ல இடது பக்கம் ஒரு வளைவு இருக்கு. ரெண்டு ரத்தக்குழாயும் வந்து முடியிற கடைமடை அது. இவங்க சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல, மேல பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை. ஏற்கெனவே மலச்சிக்கல் வேற. அந்த எடம் காஞ்சு புண்ணாயிட்டு. அதான் வலி, அதான் ரத்தம்.”

முக்கால்வாசிப் பேருக்கு இது தானாகவே ஆறிவிடுமாம். குடலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றவேண்டும், கிருமி சேராமல் ஊசி. பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஆனால் சிலருக்குக் குடல் அழுகிப் போகும். அப்படியானால் உடனே வெட்டி எடுக்கவேண்டும், தாமதித்தால் ஆள் மிஞ்சாது. வயிறு கல் மாதிரி இறுகுகிறதா, காய்ச்சல் வருகிறதா, வலி கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னார். “இவங்க வலிய வாய் விட்டுச் சொல்ற ஆள் இல்ல. கூட இருக்கிறவங்கதான் கவனிக்கணும். நீங்க இவங்களுக்கு அக்காவா, தங்கச்சியா?”

“நாத்தனார்” என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேற்று படுக்க வைத்ததிலிருந்தே வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மதினி அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டாள். “பாத்தியா உலகு, தீட்டும் இல்ல, விரதமும் முறியல. சூரசம்ஹாரத்தன்னைக்குப் பச்சத்தண்ணி படாம முருகன் முடிச்சு வச்சுட்டான்.” பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நவம்பர் 9, சனி

இன்று குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளே போகும்போது மதினி என்னிடம், “ஒங்க அண்ணன் இருந்தா இதுக்கு விட்டுருக்கமாட்டாக” என்றாள். அண்ணன் இருந்தால் பயந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். அவனை எனக்குத் தெரியும்.

ஒரு முழத்துக்குக் குறைவான இடம்தான் கெட்டிருக்கிறது. வீங்கி, நீலம் பாரித்து, ஆங்காங்கே புண். ஆனால் மேல்தோலோடு நின்றிருக்கிறது, ஆழம் போகவில்லை என்றார்கள். கத்தி வேண்டாம், இப்போதைக்கு.

நவம்பர் 10, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. வயிறு மெத்தென்று இருக்கிறது. நான் அழுத்திப் பார்க்கவில்லை, நர்ஸ் அழுத்தும்போது மதினியின் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். வலித்தால் அது உள்ளே மடங்கும். இன்றைக்கு மடங்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

சைலப்பன் நேற்று சாயங்காலமே வந்துவிட்டான். நல்ல பையன். வந்ததும் அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதான், பிறகு டாக்டரிடம் போய் நூறு கேள்வி கேட்டான். “அத்தை, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு தூங்குங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றான். போனேன். வீட்டில் ஒவ்வொரு லைட்டாகப் போட்டேன். இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஒன்றுகூடத் தின்னாமல் திரும்பிப் போய்விட்டேன். துண்டை மறந்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.

நவம்பர் 13, புதன்

கஞ்சித் தண்ணீர். நான்கு கரண்டி. “உப்பு இல்ல” என்றாள். இனிப் பிழைத்துக்கொள்வாள்.

நவம்பர் 16, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. சைலப்பன் லீவு முடிந்து போய்விட்டான். டாக்டர் சொல்லி அனுப்பினது இது: தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். மலச்சிக்கல் ஆகவிடக் கூடாது. விரதம் என்ற பேச்சே கூடாது. பிரஷர் மாத்திரை ஒன்றைக் குறைத்து எழுதியிருக்கிறார், நீர் மாத்திரை இனிமேல் இல்லை. இது திரும்பவும் வரலாம். வந்தால் முதலில் வயிற்றுவலியும் ரத்தமும்தான். ஆகவே தினமும் காலையில் பார்க்கவேண்டும்.

பார்க்கவேண்டும் என்றதும் மதினி, “என்னக் கொன்னாலும் பாக்கமாட்டேன்” என்றாள்.

“அப்ப நான் பாக்கேன்.”

“ச்சீ. போடி.”

“மதினி, நான் எக்ஸ்சேஞ்சில ஊரு அசிங்கம் எல்லாத்தையும் காதால கேட்டவ. இத ஒரு கண்ணால பாக்க மாட்டனா?”

நவம்பர் 17, ஞாயிறு

பாத்ரூமில் தண்ணீர் ஊற்றாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து, கொல்லைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “உலகு” என்று கூப்பிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். “சரி” என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தோம்.

நவம்பர் 25, திங்கள்

இப்போது பழகிவிட்டது. “உலகு.” “சரி.” அவ்வளவுதான். இன்றைக்கு மட்டும், “எம் மாமியாருக்குக்கூட நான் இது செஞ்சதில்லட்டி” என்றாள். அந்த மாமியார் என் அம்மா. “தெரியும், அம்மா சொல்லிக்கிட்டேதான் செத்தா” என்றேன். வெகுநேரம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்குத்தான் வயிற்றைப் பிடித்ததும் திக்கென்றது.

டிசம்பர் 5, வியாழன்

தண்ணீருக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஒரு மடக்கு. சீரியல்காரர்களுக்குப் புண்ணியம், நாடகத்தைவிட விளம்பரம்தான் அதிகம்.

டிசம்பர் 15, ஞாயிறு

சைலப்பன் போன் பண்ணினான். அம்மாவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம். பக்கத்திலேயே பெங்களூர், பெரிய ஆஸ்பத்திரி, இதயத்தையும் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம். “ரெண்டு பேரும் வயசானவங்க, ராத்திரி ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா அத்தை?” என்றான். தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவனுடைய அம்மா.

போனை வைத்ததும் மதினி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நீ என்ன சொல்லுத?”

“நான் என்ன சொல்லதுக்கு இருக்கு. ஒங்க பிள்ளை கூப்பிடுதான். பெரிய டாக்டர்லாம் அங்கதான் இருக்காங்க.”

“போகட்டுமாங்கேன்.”

“போயிட்டு வாங்க.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு “சரி” என்று எழுந்து போய், ஊறப்போட்ட பயறைக் கழுவ ஆரம்பித்தாள்.

நான் சொன்னது சரிதான். பெற்ற பிள்ளை இருக்கும்போது நாத்தனார் குறுக்கே நின்று வழியை மறிக்கலாமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? சரிதான்.

டிசம்பர் 21, சனி

சைலப்பனும் அவன் மனைவி பிருந்தாவும் காரில் வந்தார்கள். பிருந்தா என்னைச் சித்தி என்பாள். அத்தை என்ற வார்த்தையை மாமியாருக்கு வைத்துக்கொண்டாள். சுறுசுறுப்பான பெண். மாத்திரை எது எப்போது என்று என்னிடம் கேட்டுப் போனில் பதிந்துகொண்டாள். எது ஒத்துக்கொள்கிறது, எது கூடாது எல்லாம் கேட்டாள். தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். மலச்சிக்கல் சொன்னேன். காலையில் பார்க்கிற விஷயத்துக்கு வந்தேன்.

“அப்புறம் பிருந்தா, காலையில...”

மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “காலையில எனக்குக் காப்பில சீனி கம்மியாப் போடும்மா, அதத்தான் சொல்லுதா” என்றாள்.

பிறகு பின்கட்டில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அவகிட்ட அத மட்டும் சொல்லிராதட்டி. வேற வீட்டுப் பிள்ள. மருமக முன்னால எனக்கு மானம் போயிரும். ஒன்கிட்டன்னா வேற.”

“அப்ப யாரு பாப்பா?”

“நானே பாத்துக்கிடுதேன்.”

“பாப்பீங்களா?”

“பாக்கேன்.”

“சத்தியமா?”

“திருச்செந்தூர் முருகன் மேல” என்றாள். முருகன் மேல் பொய்ச்சத்தியம் பண்ணமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் கிளம்பிவிட்டார்கள். வீடு அமைதியாக இருக்கிறது. வெங்காயம் நறுக்கினேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நிம்மதிதான்.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் காப்பியைக் கலந்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதற்கென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது, கூப்பிடுவாள் என்று காத்திருக்கிறேன்.

ஜனவரி 1, புதன்

புது டைரி. மதினி பேசினாள். ஓசூரில் பல் கிட்டுகிற குளிராம். பெங்களூரில் இதயம் பார்த்தார்கள், வயதுக்குத் தக்கபடி இருக்கிறதாம். பாத்ரூம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறதாம், உட்கார்ந்து எழுந்தால் தானாகவே தண்ணீர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறதாம். “ஒண்ணும் செய்யவேண்டாம் உலகு, பொத்தானக்கூட அமுக்கவேண்டாம்.” பெருமையாகச் சொன்னாள்.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். “பாக்கேன், பாக்கேன்” என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒருத்திக்கு எதற்கு என்று பால் மட்டும் காய்ச்சினேன். மதினி போனில் பேசினாள். எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குரல் கேட்டவள் நான். மூக்கடைப்பா, அழுகையா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று ‘ஹலோ’விலேயே சொல்லிவிடுவேன். மதினியின் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது.

“தண்ணி குடிக்கீங்களா இல்லையா?”

“குளிருதுடி. குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும். அவங்க ரூமத் தாண்டிப் போகணும். அதுக முழிச்சிரும்.”

“முழிச்சா முழிக்கட்டும். குடிங்க.”

“சரி சரி. ஒனக்கு எப்பவும் அதிகாரந்தான்.”

பிருந்தாவைக் கூப்பிட்டு, அத்தை தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்க்கச் சொன்னேன். “பெட் பக்கத்துலயே பாட்டில் வச்சிருக்கேன் சித்தி” என்றாள். பாவம், அவளும் வேலைக்குப் போகிறவள். வைக்கத்தான் முடியும்.

ஜனவரி 20, திங்கள்

இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். போனை எடுத்தேன். மகனோடு சந்தோஷமாக இருக்கிறவளைக் கூப்பிட்டு, தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதா? கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். “மாத்திட்டியா?” என்றாள். “மாத்திட்டேன்” என்றேன். வைத்துவிட்டோம்.

ஜனவரி 27, திங்கள்

காலையில் அவளே கூப்பிட்டாள். இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. இருவரும் வேலைக்குப் போய்விட்டார்களாம்.

“சும்மாதான் கூப்பிட்டேன். என்ன செஞ்ச?”

“உப்புமா. என்ன மதினி, குரல் ஒரு மாதிரியா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நேத்துலருந்து வாயு. எடப்பக்கம் இழுத்துப் பிடிக்கி.”

“பாத்தீங்களா?”

மூச்சு மட்டும் கேட்டது.

“மதினி, காலையில பாத்தீங்களா?”

“அதுக்குள்ள தண்ணி வந்து அடிச்சிட்டுப் போயிருதுட்டி.”

“சைலப்பன்ட்ட சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. இல்ல, நான் சொல்லுதேன்.”

“அவன் சாயங்காலம் வரட்டும், நானே சொல்லுதேன். நீ ஒண்ணும் சொல்லிராத, பிருந்தா என்ன நெனைப்பா. சத்தியமாச் சொல்லுதேன் உலகு.” பிறகு, “உப்புமால கடல போட்டியா?” என்று கேட்டாள். போட்டேன் என்றேன்.

சாயங்காலம் சொல்லிவிடுவாள்.

பொறுக்கமாட்டாமல் பத்து நிமிஷம் கழித்து சைலப்பனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிருந்தாவைக் கூப்பிட்டேன். “அத்தை காலைல நல்லா இருந்தாங்களே சித்தி, ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. ஏதாவது சொன்னாங்களா?” என்றாள். என் வாய் வரை வந்தது. “இல்ல, சும்மாதான் கேட்டேன். சாயங்காலம் ஒரு வார்த்த விசாரி” என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 28, செவ்வாய்

சைலப்பன் விடியற்காலையில் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். வயிறு கல்லாகிவிட்டது. குடல் அழுகிவிட்டது, ஆபரேஷன் பண்ணுகிறார்கள். நான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் நேற்று இங்கே முடிந்தது. ஆபரேஷன் மேஜையிலிருந்து மதினி திரும்பவில்லை. நான் சேலம் தாண்டும்போது சைலப்பன் போன் பண்ணினான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என்ன அம்மா என்று கேட்டாள். என் மதினி என்றேன். ஓ, என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா என்று சொல்லியிருக்கலாம்.

பதினாறு நாளும் வந்தவர்கள் எல்லாரும் சைலப்பனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம், காப்பி இருக்கிறதா, இலை எத்தனை போடவேண்டும் என்று கேட்டார்கள். நாத்தனார் எவ்வளவு அழலாம் என்று ஒரு அளவு இருக்கிறது போல. எனக்கு என் மதினி வேண்டும். எழுத்தில் சொன்னால் யாருக்கும் கேட்காது, அதனால் எழுதுகிறேன். நான் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். அதற்காகத்தான் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

இன்றைக்கு அவர்கள் ஓசூர் கிளம்பினார்கள். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு பிருந்தா அடுப்படிக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நின்றாள்.

“அன்னைக்குச் சாயங்காலம் நான் போய்க் கேட்டேன் சித்தி. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்கேம்மான்னு சிரிச்சாங்க. அஞ்சு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டர். ஏன் சித்தி என்கிட்ட சொல்லல? நான் அவ்வளவு கெட்டவளா?”

“இல்லம்மா. நீ நல்ல பிள்ளை.”

“உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாங்களா? அன்னைக்குக் காலைல போன் பண்ணீங்களே.”

குழாயை மூடினேன். கை ஈரத்தைச் சேலையில் துடைத்தேன்.

“இல்ல பிருந்தா. என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல” என்றேன்.